லெபிளாங் (பிரெஞ்சுக் குடும்பப்பெயர்)

லெபிளாங் என்பது பிரான்சில் தோன்றி, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பரவலாக வழங்கிவரும் குடும்பப்பெயர் ஆகும். 'வெள்ளை', 'வெண்ணிறமானவர்' என்பது இதன் பொருள். பிரெஞ்சு ஒலிப்பில் இறுதி மெய்யெழுத்து ஒலிப்பதில்லை. பெயர் மூக்கொலியுடன் முடிகிறது. ஆங்கிலம் பேசும் பகுதிகளில் 'லெபிளாங்க்' என இறுதி ஒலி சேர்த்தும் கூறுவர்.

பிரான்சில் இப்பெயரைக் கொண்ட பல குடும்பங்கள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. ஆனால் வட அமெரிக்காவின் அக்காடியப் பகுதியில் இப்பெயரைக் கொண்டவர்கள் அனைவரும் டானியல் லெபிளாங் என்ற ஒரே குடியேறியின் வழித்தோன்றல்கள். 1755இல் பிரித்தானிய ஆட்சி அக்காடிய மக்களை அவர்களது நிலத்திலிருந்து வெளியேற்றியபோது, இக்குடும்பம் அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் சிதறியது. நிலம், வீடு, கால்நடை, ஊர் அனைத்தையும் இழந்த மக்களிடம் எஞ்சியது பெயரும், அப்பெயரைத் தாங்கிய முன்னோர் வரிசை பற்றிய நினைவும் மட்டுமே. அதனால் இப்பெயரின் வரலாறு, ஒரு மக்கள் கூட்டம் தன்னை எவ்வாறு மீண்டும் அடையாளம் கண்டுகொண்டது என்பதன் வரலாறாகவும் விளங்குகிறது.

பெயரின் தோற்றம்

ஐரோப்பாவின் பல பகுதிகளைப் போலவே பிரான்சிலும் தொடக்கத்தில் மக்களுக்கு ஒற்றைப் பெயரே இருந்தது. திருமுழுக்கின்போது இடப்பட்ட அப்பெயர்கள் எண்ணிக்கையில் குறைவானவை. ஓர் ஊரில் பல பியேர்களும் பல ழான்களும் இருந்ததால், அவர்களை வேறுபடுத்தத் துணைப்பெயர்கள் தேவைப்பட்டன. தந்தையின் பெயர், ஊர், தொழில், உடல் தோற்றம் ஆகிய நான்கிலிருந்து பெரும்பாலான துணைப்பெயர்கள் பிறந்தன. சுமார் 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டுக்குள் இவை தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் குடும்பப்பெயர்களாக நிலைபெற்றன.

லெபிளாங் உடல் தோற்றம் சார்ந்த பெயர். நரைத்த முடி, வெளிர் நிற முடி அல்லது வெளிறிய தோல் கொண்ட ஒருவரை அண்டை வீட்டார் 'லெ பிளாங்' என்று அழைத்திருப்பர். தமிழில் 'வெள்ளையன்', 'கருப்பன்' என்ற பெயர்கள் தோன்றியதைப் போன்றதே இது. 'கருப்பு' எனப் பொருள்படும் லெநுவார், 'செந்நிறம்' எனப் பொருள்படும் லெரூ, 'பெரியவர்' எனப் பொருள்படும் லெகிராண்ட் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்த பிரெஞ்சுப் பெயர்கள்.

'பிளாங்' என்ற சொல் இலத்தீனத்திலிருந்து வந்ததன்று. வெண்மையைக் குறிக்கும் இலத்தீனச் சொல் 'அல்புஸ்'. பழைய ஜெர்மானிய மொழிகளில் 'பளபளக்கும்', 'ஒளிரும்' எனப் பொருள்பட்ட ஒரு சொல், ஜெர்மானியக் குழுக்கள் குடியேறிய காலத்தில் பிரெஞ்சு மொழிக்குள் நுழைந்து அல்புஸின் இடத்தைப் பிடித்தது. இலத்தீனச் சொல் விடியலைக் குறிக்கும் 'ஓப்' போன்ற சில சொற்களில் மட்டும் எஞ்சியது.

பெயரின் முன்னுள்ள 'லெ' என்பது பிரெஞ்சு மொழியின் ஆண்பால் சுட்டு. இச்சுட்டுடன் கூடிய பெயர்கள் நார்மண்டி, பிகார்டி முதலிய வடபகுதிகளில் மிகுதி. தெற்கிலும் ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலும் சுட்டு இல்லாத 'பிளாங்' என்ற வடிவமே பெருவழக்கு. பிளான்ஷார், பிளான்ஷே ஆகியவை இதே வேரிலிருந்து கிளைத்த வேறு பெயர்கள்.

1539இல் மன்னர் முதலாம் பிரான்சுவா பிறப்பித்த வில்லேர்-கொத்தரே அரசாணை, பங்குக் குருக்கள் திருமுழுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 1579இல் திருமணமும் இறப்பும் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற ஆணையும் வந்தது. எழுத்தில் ஏறிய பிறகு பெயர்கள் எளிதில் மாறவில்லை. பேச்சு வழக்கில் இருந்த பட்டப்பெயர் இவ்வாறு ஆவணத்தில் நிலைத்த குடும்பப்பெயர் ஆனது.

ஒரே பெயர், பல குடும்பங்கள்

தோற்றத்தைக் குறிக்கும் பட்டப்பெயர் எந்த ஊரிலும் தனித்தனியே தோன்றக்கூடியது. ஆகவே 'லெபிளாங் குடும்பம்' என்ற ஒற்றைக் குடும்பம் பிரான்சில் எக்காலத்திலும் இருந்ததில்லை. சோடா உப்பை ஆலையில் தயாரிக்கும் முறையைக் கண்டறிந்த வேதியியலாளர் நிக்கோலா லெபிளாங் (1742–1806), ஆர்சேன் லூபின் என்ற கதைமாந்தரைப் படைத்த எழுத்தாளர் மோரிஸ் லெபிளாங் (1864–1941) ஆகியோர் ஒரே பெயரைக் கொண்டிருந்தாலும், இருவரும் உறவினர் என்று அப்பெயரை மட்டும் வைத்துக் கூற முடியாது.

கனடாவிலும் இதே நிலைதான். 17ஆம் நூற்றாண்டில் கியூபெக் பகுதிக்கும் லெபிளாங் என்ற பெயருடைய குடியேறிகள் வந்து குடும்பம் அமைத்தனர். அவர்கள் அக்காடியாவுக்குச் சென்ற டானியல் லெபிளாங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். பின்னர் அக்காடியாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினரும் கியூபெக்கில் குடியேறியதால், இன்று அம்மாநிலத்தில் ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு வேர்களைக் கொண்ட குடும்பங்கள் வாழ்கின்றன. குடும்பப்பெயர் ஒரு தடயம் மட்டுமே. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பதிவுகளே சான்று. குடும்ப வரலாற்று ஆய்வின் இந்த அடிப்படை விதிக்கு லெபிளாங் தெளிவான எடுத்துக்காட்டு.

டானியல் லெபிளாங்

அக்காடியா என்பது இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக், பிரின்ஸ் எட்வர்டு தீவு ஆகியவற்றை உள்ளடக்கிய பழைய பிரெஞ்சுக் குடியேற்றம். பிரெஞ்சுக்காரர்கள் 1604இல் இப்பகுதிக்கு வந்து, 1605இல் போர்ட் ராயல் குடியிருப்பை அமைத்தனர். இந்நிலம் மிக்மாக் பழங்குடி மக்களின் தாயகம். 1632க்குப் பிறகே பிரான்சிலிருந்து குடும்பங்கள் கணிசமாக வந்து நிலையாகக் குடியேறின.

டானியல் லெபிளாங் சுமார் 1650இல் போர்ட் ராயலுக்கு வந்தார். அவர் பிரான்சின் எந்த ஊரில் பிறந்தார் என்பதற்குத் திருமுழுக்குப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. பல அக்காடியக் குடும்பங்களைப் போல இவரும் மேற்குப் பிரான்சின் லூதன் வட்டாரத்தைச் சேர்ந்தவர் என்ற கருத்து நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதற்கு நேரடி ஆவணச் சான்று இல்லை.

அவரைப் பற்றிய முதல் உறுதியான தகவல் 1671ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ளது. அக்காடியாவை ஆங்கிலேயர் 1654இல் கைப்பற்றினர். 1667ஆம் ஆண்டு பிரேடா உடன்படிக்கையின்படி அது பிரான்சுக்குத் திரும்பியது. புதிய நிர்வாகம் வந்ததும் எடுக்கப்பட்ட அக்கணக்கில் ஏறக்குறைய 400 பிரெஞ்சுக் குடியேறிகளே பதிவாகினர். அவர்களுள் டானியல், வயது 45, உழவர் என்றும், அவர் மனைவி பிரான்சுவாஸ் கோதே, வயது 48 என்றும் குறிக்கப்பட்டுள்ளனர். பிரான்சுவாஸ், அக்கணக்கெடுப்பில் 96 வயது எனப் பதிவாகிய ழான் கோதேயின் மகள். டானியலை மணக்கும் முன் அவர் கைம்பெண்ணாக இருந்தவர்.

டானியல் தம்பதியருக்கு ஒரு மகளும் ஆறு மகன்களும் இருந்தனர். ழாக், எத்தியேன், ரெனே, ஆந்திரே, அந்துவான், பியேர் ஆகியோர் மகன்கள். இவர்களுள் எத்தியேன் தவிர ஐவருக்கும் சந்ததி தொடர்ந்தது. குடும்பப்பெயர் தந்தை வழியில் செல்வதால், ஐந்து மகன்களும் அவர்களுக்குப் பிறந்த ஆண்பிள்ளைகளும் இப்பெயரை மிக வேகமாகப் பெருக்கினர். அதே காலத்தில் குடியேறிய சில குடும்பங்களில் மகள்கள் மட்டுமே தழைத்தனர். அக்குடும்பங்களின் இரத்த உறவு இன்றும் தொடர்கிறது, பெயர் மட்டும் மறைந்துவிட்டது.

1690இல் மாசசூசெட்சைச் சேர்ந்த வில்லியம் பிப்ஸ் போர்ட் ராயலைத் தாக்கிக் கைப்பற்றியபோது, ஊரில் அமைதி காக்க உள்ளூர்வாசிகளைக் கொண்ட ஒரு குழுவை நியமித்தார். அதில் டானியல் லெபிளாங்கும் இடம்பெற்றார். குடியேற்றத்தில் அவருக்கு மதிப்பான இடம் இருந்ததை இது காட்டுகிறது. அவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் காலமானார்.

கடலிடமிருந்து மீட்ட நிலம்

இக்குடும்பம் பெருகியதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. அக்காடியாவின் ஃபண்டி விரிகுடா உலகின் மிக உயர்ந்த கடல் ஓதங்களைக் கொண்டது. சில இடங்களில் நீர்மட்டம் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். காடுகளை வெட்டி நிலம் உண்டாக்குவதற்குப் பதிலாக, அக்காடியர் ஓதம் ஏறும் உப்புச் சதுப்புகளைச் சுற்றி மண்கரை எழுப்பினர். கரையின் அடியில் 'அபுவாத்தோ' எனப்படும் மதகை அமைத்தனர். அதிலுள்ள மரக்கதவு, ஓதம் இறங்கும்போது உள்ளே தேங்கிய மழைநீரை வெளியே விடும். ஓதம் ஏறும்போது கடல்நீரின் அழுத்தத்தால் தானே மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மழை உப்பைக் கழுவிவிட, வளமான வயல் கிடைத்தது.

கரை கட்டுவதும் பழுது பார்ப்பதும் ஒரு வீட்டாரால் ஆகக்கூடிய வேலை அன்று. அண்ணன் தம்பிகளும் மைத்துனர்களும் சேர்ந்து உழைத்தனர். எனவே உறவினர்கள் அருகருகே குடியிருந்தனர். போர்ட் ராயலில் இடம் போதாமல் போனபோது, 1680களில் மைனாஸ் நீர்ப்பரப்பின் கரையில் கிராண்ட் பிரே என்ற புதிய குடியிருப்பு உருவானது. 'பெரிய புல்வெளி' என்பது அப்பெயரின் பொருள். டானியலின் மகன்களுள் பலர் அங்குச் சென்றனர். 1750களில் அக்காடியாவின் மிகப் பெரிய குடும்பமாக லெபிளாங் குடும்பம் வளர்ந்திருந்தது.

ஒரே ஊரில் பல ஜோசப் லெபிளாங்குகளும் பல பியேர் லெபிளாங்குகளும் இருந்ததால், குடும்பப்பெயர் தன் வேலையைச் செய்ய முடியாமல் போனது. அக்காடியர் இதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டனர். ஒன்று, 'என அழைக்கப்படும்' எனப் பொருள்படும் 'தி' என்ற சொல்லுடன் பட்டப்பெயர் சேர்த்தல். 'ஜோசப் லெபிளாங் தி லெ மேகர்' என்றால் 'மெலிந்தவர் என அழைக்கப்படும் ஜோசப்' என்று பொருள். மற்றொன்று, தந்தை, பாட்டன் பெயர்களை அடுக்கிச் சொல்லுதல். 'ஜோசப் ஆ பியேர் ஆ அந்துவான்' என்றால் அந்துவானின் மகன் பியேரின் மகன் ஜோசப். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு எழுதும் தமிழர்க்கு இதன் தேவை எளிதில் விளங்கும். அன்றாட வசதிக்காக ஏற்பட்ட இந்த வழக்கம், பின்னர் ஒரு குடும்பத்தின் வரலாற்றையே காப்பாற்றியது.

இரண்டு பேரரசுகளுக்கு இடையே

1710இல் பிரித்தானியர் போர்ட் ராயலை மீண்டும் கைப்பற்றி அன்னாபொலிஸ் ராயல் எனப் பெயரிட்டனர். 1713ஆம் ஆண்டு உட்ரெக்ட் உடன்படிக்கை அக்காடியாவின் பெரும்பகுதியைப் பிரித்தானியாவுக்கு அளித்தது. கத்தோலிக்கரும் பிரெஞ்சு மொழியினருமான அக்காடியர், புரட்டஸ்தாந்து மன்னரின் குடிமக்கள் ஆயினர். மன்னருக்கு விசுவாச உறுதிமொழி அளிக்கத் தயாராக இருந்த அவர்கள், பிரான்சுக்கோ மிக்மாக் மக்களுக்கோ எதிராக ஆயுதம் ஏந்த மாட்டோம் என்ற விலக்கைக் கோரினர். 1730இல் எடுக்கப்பட்ட உறுதிமொழியில் இந்த விலக்கு வாய்மொழியாக ஏற்கப்பட்டது.

இந்த இருதலை நிலையை லெபிளாங் குடும்பத்தைச் சேர்ந்த இருவரின் வாழ்க்கையில் காணலாம். லெ மேகர் என்ற ஜோசப் லெபிளாங் (1697–1772), 1744இல் அன்னாபொலிஸ் ராயலைத் தாக்க வந்த பிரெஞ்சுப் படைக்கு உதவினார். மறுபுறம், டானியலின் பேரன்களுள் ஒருவரான ரெனே லெபிளாங், கிராண்ட் பிரேயில் பிரித்தானிய நிர்வாகத்தின்கீழ் நோட்டரியாகப் பணியாற்றினார். நிலப் பத்திரம், திருமண ஒப்பந்தம், உயில் ஆகியவற்றை எழுதிப் பதிவு செய்வது அவர் வேலை. பிரித்தானியருக்கு விசுவாசமாக இருந்ததால் 1749இல் அவர் சிறைபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகள் பிரெஞ்சுத் தரப்பின் காவலில் இருந்தார். இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றனர். பின்னர் வந்த பேரிடர் இருவரையும் ஒரே விதமாகவே நடத்தியது.

1755: பெரும் வெளியேற்றம்

1755 ஜூலை 28 அன்று ஹாலிஃபாக்ஸில் கூடிய நோவா ஸ்கோஷியா ஆலோசனை மன்றம், ஆளுநர் பொறுப்பிலிருந்த சார்லஸ் லாரன்ஸின் தலைமையில், நிபந்தனையற்ற உறுதிமொழி அளிக்க மறுத்த அக்காடியரைப் பல குடியேற்றங்களுக்குப் பிரித்து அனுப்ப முடிவு செய்தது. ஓரிடத்தில் அனுப்பினால் மீண்டும் ஒன்றுசேர்ந்துவிடுவர் என்பதே பிரித்து அனுப்பியதன் நோக்கம்.

கிராண்ட் பிரேயில் அந்த ஆணையை நிறைவேற்றியவர் மாசசூசெட்சைச் சேர்ந்த படைத்தலைவர் ஜான் வின்ஸ்லோ. செப்டம்பர் 5 அன்று ஊரின் ஆண்களும் 10 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களும் தேவாலயத்துக்கு அழைக்கப்பட்டனர். வந்த 418 பேரிடம், அவர்களது நிலமும் கால்நடைகளும் அரசுடைமை ஆகிவிட்டன, பணமும் எடுத்துச் செல்லக்கூடிய வீட்டுப் பொருள்களும் மட்டுமே அவர்களுக்குரியவை என அறிவிக்கப்பட்டது. கதவுகள் மூடப்பட்டன. தம் நாட்குறிப்பில் வின்ஸ்லோ இணைத்த ஊரார் பட்டியலில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப வரும் பெயர் லெபிளாங். நான்கு தலைமுறைகளின் வளர்ச்சியைக் காட்டும் அப்பட்டியலே அச்சமூகத்தின் முடிவையும் காட்டுகிறது.

அவ்வாண்டு மட்டும் ஏறக்குறைய 6,000 முதல் 7,000 பேர் கப்பலேற்றப்பட்டனர். 1763 வரை தொடர்ந்த நடவடிக்கையில் மொத்தம் 10,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். கப்பல்களில் நெரிசல் மிகுந்திருந்தது. ஒரே குடும்பத்தார் வெவ்வேறு கப்பல்களில் ஏற்றப்பட்டதும் நடந்தது. திரும்பி வர இடம் இல்லாதபடி பல ஊர்களில் வீடுகள் எரிக்கப்பட்டன.

நோட்டரி ரெனே லெபிளாங்கின் கதை இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. பென்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்ட அக்காடியர் பிரித்தானிய மன்னருக்கு எழுதிய விண்ணப்பத்தில் அது இடம்பெற்றுள்ளது. அவருக்கு 20 பிள்ளைகளும் சுமார் 150 பேரப்பிள்ளைகளும் இருந்தனர். அவர்கள் வெவ்வேறு குடியேற்றங்களில் சிதறடிக்கப்பட்டனர். முதியவரும் நோயாளியுமான ரெனே, மனைவியுடனும் இளைய பிள்ளைகள் இருவருடனும் மட்டும் நியூயார்க்கில் இறக்கிவிடப்பட்டார். பின்னர் பிலடெல்பியாவில் மேலும் மூன்று பிள்ளைகளைக் கண்டடைந்து, அங்கேயே இறந்தார். பிரித்தானியருக்கு உழைத்த அவரது விசுவாசம் அவரைக் காக்கவில்லை என்பதே விண்ணப்பதாரரின் வாதம். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1847இல் வெளியிட்ட 'எவாஞ்சலின்' என்ற நெடும்பாடலில் ரெனே லெபிளாங் நோட்டரி பாத்திரமாக வருகிறார்.

சிதறலின் பாதைகள்

வெளியேற்றத்துக்குப் பிறகு லெபிளாங் குடும்பத்தார் சென்ற வழிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

இங்கிலாந்து, பிரான்ஸ்: வர்ஜீனியாவுக்கு அனுப்பப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்காடியரை அக்குடியேற்றம் ஏற்க மறுத்தது. அவர்கள் 1756இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, லிவர்பூல், சவுத்தாம்ப்டன், பிரிஸ்டல், ஃபால்மத் ஆகிய துறைமுக நகரங்களில் காவலில் வைக்கப்பட்டனர். பெரியம்மை பலரைக் கொன்றது. 1763ஆம் ஆண்டு அமைதி உடன்படிக்கைக்குப் பின் எஞ்சியவர்கள் பிரான்சின் சேன் மாலோ, மோர்லே துறைமுகங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1765இல் 78 குடும்பங்கள் பிரித்தானிக் கடற்கரைக்கு அப்பால் உள்ள பெல் ஈல் தீவில் குடியமர்த்தப்பட்டன. லெ மேகர் என்ற ஜோசப் லெபிளாங்கும் இறுதியில் அத்தீவை வந்தடைந்து 1772இல் அங்கேயே இறந்தார். நூறாண்டுகளுக்கு முன் முன்னோர் விட்டுச்சென்ற நாடு அவர்களுக்கு இப்போது அந்நிய நாடாக இருந்தது. கடல் ஓத நிலங்களில் உழைத்துப் பழகியவர்களுக்குப் பாறைத் தீவின் நிலமும், நிலக்கிழார்களுக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கையும் பொருந்தவில்லை.

லூசியானா: மேரிலாந்துக்கு அனுப்பப்பட்ட அக்காடியர் 1766 முதல் 1768 வரை கப்பல்களில் லூசியானாவுக்குச் சென்றனர். அப்பகுதி அப்போது கத்தோலிக்க ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அவர்களில் பலர் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் காப்ரியல் முதலிய இடங்களில் குடியேறினர். 1785இல் ஸ்பெயின் மன்னரின் செலவில் ஏழு கப்பல்கள், பிரான்சில் தங்கியிருந்த அக்காடியரில் ஏறக்குறைய 1,600 பேரை லூசியானாவுக்குக் கொண்டுவந்தன. முப்பது ஆண்டுகள் பிரிந்திருந்த உறவினர் சிலர் இவ்வாறு ஒரே மாநிலத்தில் மீண்டும் சந்தித்தனர். 'அக்காடியன்' என்ற சொல் மருவி 'கேஜன்' ஆனது. இன்றும் கேஜன் பண்பாட்டுப் பகுதியில் லெபிளாங் மிகப் பரவலான பெயர்களுள் ஒன்று.

திரும்பியவர்கள்: மாசசூசெட்சில் வைக்கப்பட்டவர்களில் பலர் 1766க்குப் பிறகு வடக்கு நோக்கித் திரும்பினர். சிலர் கியூபெக்கில் தங்கினர். பழைய ஊருக்குத் திரும்ப நினைத்தவர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் மண்கரை கட்டி மீட்ட வயல்கள் நியூ இங்கிலாந்திலிருந்து வந்த குடியேறிகளுக்கு 1760 வாக்கிலேயே வழங்கப்பட்டுவிட்டன. எனவே நோவா ஸ்கோஷியாவின் செயின்ட் மேரி விரிகுடாக் கரையிலும், இன்றைய நியூ பிரன்சுவிக்கில் உள்ள மெம்ராம்குக் பள்ளத்தாக்கிலும் புதிதாகத் தொடங்கினர். மெம்ராம்குக்கிலும் அருகிலுள்ள மாங்டன், டியெப் நகரங்களிலும் இப்பெயர் இன்று மிகுதியாகக் காணப்படுகிறது.

பதிவேடுகளும் நினைவும்

சிதறிய ஒரு குடும்பத்தின் வழிமரபை இன்று துல்லியமாக அறிய முடிவதற்கு இரண்டு நிகழ்வுகள் முக்கியக் காரணங்கள்.

முதலாவது, கிராண்ட் பிரேயின் புனித சார்லஸ் பங்குப் பதிவேடுகள். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றைக் கொண்ட அவற்றை வெளியேற்றப்பட்டவர்கள் தங்களுடன் எடுத்துச் சென்றனர். மேரிலாந்து வழியாக லூசியானாவின் செயின்ட் காப்ரியல் தேவாலயத்தை அவை அடைந்தன. 1707 முதல் 1748 வரையிலான பகுதி எஞ்சியுள்ளது. இப்போது அது பேட்டன் ரூஜ் மறைமாவட்ட ஆவணக்காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. கையில் கொள்ளக்கூடியதை மட்டும் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட மக்கள், தங்கள் பிறப்பும் திருமணமும் எழுதப்பட்ட ஏடுகளை அவற்றுள் சேர்த்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, பெல் ஈல் வாக்குமூலங்கள். அத்தீவில் குடியேறியவர்களிடம் பதிவேடுகள் இல்லை. சட்டப்படி தாங்கள் யார், யாருக்குப் பிறந்தவர்கள், யாரை மணந்தவர்கள் என்று காட்ட வழியில்லை. எனவே 1767 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குடும்பத் தலைவர்கள் சாட்சிகள் முன்னிலையில் சத்தியம் செய்து, தங்கள் வழிமரபைப் பிரான்சிலிருந்து முதலில் வந்தவர் வரை நினைவிலிருந்து கூறினர். அவை எழுதி வைக்கப்பட்டன. தந்தை, பாட்டன், பூட்டன் எனப் பெயர்களை அடுக்கிச் சொல்லும் ஊர் வழக்கம் இங்கே ஆவணமாக மாறியது. சில தவறுகள் இருந்தாலும், எஞ்சிய பதிவேடுகளோடும் கணக்கெடுப்புகளோடும் ஒப்பிட்டபோது பெரும்பாலானவை பொருந்தின.

20ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் இவ்விரு வகைச் சான்றுகளையும் இணைத்தனர். பிளசீட் கோதே (1850–1930) இத்துறையின் முன்னோடி. மாங்டன் பல்கலைக்கழகத்தின் அக்காடிய ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஒயிட் 1999இல் வெளியிட்ட அக்காடியக் குடும்பங்களின் வழிமரபு அகராதி இன்று அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது.

பெயரின் மாற்றங்கள்

பெயர் சென்ற இடமெல்லாம் ஒரே வடிவில் நிற்கவில்லை. முக்கிய மாற்றங்கள் வருமாறு:

- எழுத்து வடிவம்: பிரான்சிலும் கியூபெக்கிலும் ஒரே சொல்லாக எழுதுவது பெருவழக்கு. அக்காடிய, லூசியானாப் பகுதிகளில் நடுவில் பெரிய எழுத்திட்டு எழுதுவர். பழைய ஆவணங்களில் இரு சொற்களாகவும் காணப்படும்.

- மொழிபெயர்ப்பு: நியூ இங்கிலாந்தில் ஆங்கிலச் சூழலில் வாழ்ந்த பல லெபிளாங்குகள் 'ஒயிட்' ஆயினர். ஆங்கிலேய எழுத்தர்கள் மாற்றி எழுதியதும் உண்டு. வேலை தேடுவோர் தாமே மாற்றிக்கொண்டதும் உண்டு. ஆகவே ஒயிட் என்ற பெயருடைய அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வேர் கிராண்ட் பிரேயில் இருக்கக்கூடும்.

- பட்டப்பெயர் மறைவு: பிரான்சில் 1794ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்புப் பதிவில் உள்ள பெயரையே பயன்படுத்த வேண்டும் என்றது. வட அமெரிக்காவில் 'தி' பட்டப்பெயர்கள் 19ஆம் நூற்றாண்டில் படிப்படியாக வழக்கொழிந்தன.

லூசியானாவில் இப்பெயருக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அங்குக் குடியேறிய அக்காடியரில் ஒரு பகுதியினர் காலப்போக்கில் கரும்பு, பருத்திப் பண்ணைகளை அமைத்து, ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தனர். அடிமை முறை ஒழிந்தபின் விடுதலை பெற்ற மக்களில் பலர் அப்பகுதியில் வழங்கிய பிரெஞ்சுக் குடும்பப்பெயர்களைத் தாங்கினர். 'வெள்ளை' எனப் பொருள்படும் இப்பெயர் இன்று ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களிலும் வழங்குவது இதனால்தான். நிலத்திலிருந்து பிடுங்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட வேறு மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர் என்ற உண்மையை இப்பெயரின் வரலாற்றிலிருந்து நீக்க இயலாது.

பிற்காலமும் இன்றைய நிலையும்

20ஆம் நூற்றாண்டில் இப்பெயர் கொண்ட சிலர் சிதறிய கிளைகளை இணைக்க முயன்றனர். லூசியானா அரசியல்வாதியும் 'ஹடகால்' என்ற மருந்துச் சரக்கின் விளம்பரத்தால் புகழ்பெற்றவருமான டட்லி லெபிளாங் (1894–1971), 1927இல் அக்காடியர் வரலாறு பற்றி நூல் எழுதினார். 1930இல் லூசியானாவிலிருந்து ஒரு குழுவைக் கிராண்ட் பிரேக்கு அழைத்துச் சென்றார். மெம்ராம்குக்கில் பிறந்த ரோமியோ லெபிளாங் (1927–2009), 1995 முதல் 1999 வரை கனடாவின் தலைமை ஆளுநராகப் பணியாற்றினார். அப்பதவியை வகித்த முதல் அக்காடியர் அவரே. 1755இல் அக்காடியரை வெளியேற்றிய அதே பிரித்தானிய முடியின் பிரதிநிதியாக, வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் வழித்தோன்றல் ஒருவர் அமர்ந்தார்.

1994இல் நியூ பிரன்சுவிக்கில் முதல் உலக அக்காடிய மாநாடு நடந்தது. லூசியானா, கியூபெக், பிரான்ஸ் எனப் பல இடங்களிலிருந்து வந்தவர்கள் குடும்பப்பெயர் வாரியாகக் கூடினர். குடும்ப ஒன்றுகூடல் அம்மாநாட்டின் நிலையான பகுதியானது. 2003 டிசம்பரில் கனடா வெளியிட்ட அரச பிரகடனம், வெளியேற்றத்தால் அக்காடியர் அடைந்த துன்பத்தை ஏற்று, ஜூலை 28ஐ ஆண்டுதோறும் நினைவு நாளாக அறிவித்தது. கிராண்ட் பிரே நிலப்பரப்பு 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. லெபிளாங்குகளும் அவர்களது அண்டை வீட்டாரும் எழுப்பிய மண்கரைகளால் உருவான வயல்களில் இன்றும் வேளாண்மை நடக்கிறது.

அக்காடிய ஊர்களில் புதிதாக வரும் ஒருவரிடம் 'உன் தந்தை யார்?' என்று கேட்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. லெபிளாங் என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த லெபிளாங் என்று சொல்ல வேண்டும். வெள்ளை முடியோ வெளிறிய முகமோ கொண்ட யாரோ ஒருவருக்கு அண்டை வீட்டார் வைத்த பட்டப்பெயர், ஐந்து சகோதரர்களின் வழியே பெருகி, நாடுகடத்தலின்போது சிதறி, நினைவாலும் ஏடுகளாலும் மீண்டும் கோக்கப்பட்டது. அந்த ஊர் வழக்கமே 1767இல் பெல் ஈல் குடும்பத் தலைவர்கள் அளித்த வாக்குமூலங்களுக்கும் அடிப்படையாக அமைந்தது.